பில் போட்டால் சுத்திக்கொண்டே இருந்த சர்வர்: ரெய்டு பேட்டரி, எஸ்எஸ்டி, ரேம்

திருச்சியில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்துக்கு சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. சர்வர் பழசுதான்: 2யு ரேக் மாடல், இரண்டு ஜியான் இ5-2650 வி2 பிராசசர், ஒவ்வொன்றிலும் 8 கோர், ஹைப்பர்த்ரெடிங்கோடு மொத்தம் 32 த்ரெட். ரேம் 64 ஜிபி. நிமிடத்துக்கு 10,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும் எஸ்ஏஎஸ் வகை சர்வர் டிஸ்க் ஐந்து, ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கும்படி ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்த அமைப்பு. ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 12.

புகார் என்னவென்றால், சாயங்காலம் லோடு வண்டி கிளம்புகிற நேரத்தில் பில் சேவ் ஆகாமல் சுத்துகிறது. அதுவும் மாதத்தில் 10, 11 தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) தாக்கல் செய்யும் நேரம் வந்துவிட்டால், ஒரு பக்கம் கணக்குப் பிரிவு ரிப்போர்ட் எடுக்கும், இன்னொரு பக்கம் கவுண்டரில் "அண்ணே, நாப்பது ஐட்டம் பில்லு, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று போன் வரும். பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள்: சர்வர் பழசு, இரண்டு மடங்கு கோர் உள்ள புது சர்வர் வாங்குங்கள். கூடவே ஒரு கொட்டேஷன். முதலாளி அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, இதை வாங்குனா சரியாயிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் தலையாட்டுவதற்கு அது சின்னத் தொகையும் இல்லை. அதனால் முதலில் அளந்து பார்ப்போம், அப்புறம் வாங்குவோம் என்று சொல்லி நேரம் கேட்டுக்கொண்டேன்.

சர்வரின் நிலவரம் காட்டும் டாப் கமாண்டைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், சிக்கலே அங்கேதான். ஐஓ வெயிட், அதாவது டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரம், 4, 5 சதவீதம். மீதி பெரும்பாலும் ஐடில். 4 சதவீதம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 32 த்ரெட் உள்ள மெஷினில் ஒரு த்ரெட் முழு நேரமும் டிஸ்குக்காகக் காத்துக்கிடந்தால் மொத்தக் கணக்கில் அது 3 சதவீதமாகத்தான் தெரியும். கோர் அதிகமாக ஆக இந்த எண் இன்னும் சின்னதாகத் தெரியுமே தவிர காத்திருப்பு குறையாது. கொட்டேஷனில் இருந்த 64 த்ரெட் சர்வரில் இதே வேலையை ஓட்டினால் 2 சதவீதம் என்று காட்டும், கவுண்டரில் பில் அப்போதும் சுத்தும்.

டிஸ்க் வேலையை அளக்கும் ஐஓஸ்டாட் கமாண்டை விரிவான வடிவில் ஓட்டினால் டிஸ்கில் எழுதுவதற்கான காத்திருப்பு நேரம் தனியாக வரும். சாயங்காலத்தில் அது இரட்டை இலக்க மில்லிசெகண்டிலேயே நின்றது. டேட்டாபேஸ் பக்கம் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூவில் ஒவ்வொரு செஷனும் இந்த நொடியில் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கலாம். அதை நொடிக்கு ஒரு தடவை எடுத்து ஒரு டேபிளில் போட்டுக்கொண்டே இருக்கும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஒரு வாரம்போல ஓடவிட்டேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பெரும்பங்கு வால்சிங்க், வால்ரைட்லாக் என்ற இரண்டே பெயர்கள். ஒரு செஷன் வால் எனப்படும் லாக் ஃபைலை (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) டிஸ்கில் உறுதிப்படுத்தக் காத்திருக்கிறது, மற்றவை அந்த செஷனுக்காக வரிசையில் நிற்கின்றன. டேட்டாவைப் படிப்பதற்கான காத்திருப்பும் இருந்தது, ஆனால் அது ரிப்போர்ட் எடுக்கிற நேரத்தில் மட்டும்.

அடுத்து ஒரு பில்லுக்கு எத்தனை கமிட் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதிவது) நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பிஜி ஸ்டாட் டேட்டாபேஸ் வியூவில் கமிட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்து, அந்த நேரத்தில் போட்ட பில் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஒரு பில்லுக்கு நூறு பக்கம் வந்தது! மருந்து பில்லில் ஒவ்வொரு வரிக்கும் பேட்ச் நம்பர், காலாவதி தேதி, ஸ்டாக் குறைப்பு என்று வேலை உண்டு, அது சரி. ஆனால் மொத்த பில்லையும் ஒரே டிரான்சாக்ஷனில், அதாவது முழுசாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு கட்டாக, கட்டாமல், ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு ஸ்டாக் மாற்றத்தையும் தனித்தனியாக கமிட் செய்கிறது அந்த சாஃப்ட்வேர். பாதி பில்லில் கரண்ட் போனால் ஸ்டாக் குறைந்திருக்கும், பில் முழுசாக இருக்காது என்கிற ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வெர்ஷன் எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இனி டிஸ்க் கணக்கு. 10,000 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 6 மில்லிசெகண்ட். கமிட் என்பது லாக் ஃபைலின் நுனியில் கொஞ்சம் எழுதி, அது உண்மையாகவே டிஸ்கில் போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும்வரை காத்திருப்பது. அடுத்த கமிட் எழுத வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர இன்னொரு சுற்று ஆகும். அப்படியானால் தனி டிஸ்கில், கேச் எதுவும் இல்லாமல், ஒருவர் மட்டும் வரிசையாக கமிட் செய்தால் நொடிக்கு 166 தாண்டாது. ரெய்டு 5 என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் சின்ன எழுத்து ஒவ்வொன்றுக்கும் பழைய டேட்டாவையும் பழைய பேரிட்டியையும் (டிஸ்க் போனால் மீட்க உதவும் கணக்கு) படித்து, புதிதாகக் கணக்குப் போட்டு, இரண்டையும் எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு நான்கு டிஸ்க் வேலை. நூறு கமிட் உள்ள பில்லுக்கு ஏன் ஒரு நொடிக்கு மேல் ஆகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே நேரத்தில் பல கவுண்டர் கமிட் செய்தால் போஸ்ட்கிரெஸ் அவற்றைச் சேர்த்து ஒரே ஃபிளஷில் (டிஸ்கில் உறுதியாக எழுதுவதில்) முடிக்கப் பார்க்கும் என்பதால்தான் சாயங்காலம் முழுசாகப் படுத்துவிடாமல் தப்பித்துக்கொண்டிருந்தது.

ஆனால் இந்த சர்வர் வாங்கிய புதிதில் இப்படி இல்லையே என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். அது என்னை உறுத்தியது. டேட்டா வளர்ந்தால் ரிப்போர்ட் மெதுவாகும், சரி. கமிட் ஏன் மெதுவாக வேண்டும்? டிஸ்குகளை நிர்வகிக்கும் கார்டான ரெய்டு கண்ட்ரோலரின் நிலவரத்தை கமாண்ட் லைனில் எடுத்துப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. பேட்டரி செத்துப்போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய சர்வர் வைத்திருக்கும் பலருக்கும் இதே கதைதான் இருக்கும். கண்ட்ரோலர் கார்டில் அதற்கென்று தனி மெமரி உண்டு. எழுதச் சொல்லி வருவதை அந்த மெமரியில் வாங்கிக்கொண்டு, உடனே "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிட்டு, டிஸ்குக்குப் பின்னால் சாவகாசமாக அனுப்பும். இதுதான் ரைட்-பேக். நடுவில் கரண்ட் போனால் அந்த மெமரியில் இருப்பது அழியாமல் காப்பதற்குத்தான் பேட்டரி. பேட்டரி இல்லை என்று தெரிந்தவுடன் கண்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். அது சரியான நடத்தைதான், நம் டேட்டாவைக் காப்பதற்காகச் செய்வது. ஆனால் சத்தமில்லாமல் செய்யும். முன்பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், சர்வர் ரூமுக்குள் யார் போய்ப் பார்க்கிறார்கள்? பேட்டரி நன்றாக இருந்தாலும் சில மாடல்களில் அவ்வப்போது தன்னைத்தானே முழுக்க வடித்து மறுபடி ஏற்றிப் பார்க்கும், அந்தச் சில மணி நேரமும் ரைட்-த்ரூதான். "சில நாள் மட்டும் ஸ்லோ" என்கிற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம்.

பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தவும் கண்ட்ரோலரில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். யுபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு பவர் கேபிள் இருக்கிறது, சர்வருக்குள் பவர் சப்ளை இருக்கிறது, அப்புறம் சர்வர் ரூமில் கூட்டிப் பெருக்க வருபவர் இருக்கிறார்.

போஸ்ட்கிரெஸ்ஸோடு பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்று ஒரு சின்னக் கருவி வரும், நொடிக்கு எத்தனை முறை டிஸ்கில் உறுதியாக எழுத முடிகிறது என்று அளக்கும். டேட்டா இருக்கும் அதே பார்ட்டிஷனில் ஓட்ட வேண்டும், வேறு இடத்தில் ஓட்டினால் வேறு டிஸ்கின் கதையைச் சொல்லும். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்துவது எஃப்டேட்டாசிங்க், அதனால் அந்த வரியை மட்டும் பார்த்தால் போதும். நொடிக்கு நூறைக்கூடத் தொடவில்லை. முதலாளிக்குக் காட்ட எனக்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

பேட்டரி மட்டும் மாற்றினாலே பில்லிங் புகாரில் பெரும்பகுதி போய்விடும். உண்மையிலேயே அதைத்தான் முதலில் செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாடலுக்குக் கிடைக்கும் பேட்டரி எல்லாம் எப்போது தயாரித்தது என்றே தெரியாத ஸ்டாக். புதிது என்று சொல்லி வாங்கினாலும் அலமாரியில் கிடந்து பாதி உயிர் போயிருக்கும். டிஸ்குகளும் வயதானவை, ஒன்றில் மோசமான செக்டர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. ரெய்டு 5-ல் ஒன்று போய், புது டிஸ்கில் டேட்டாவை மீட்கும் ரீபில்டு ஓடும்போது இன்னொன்று போனால் கதை முடிந்தது. ரிப்போர்ட் பிரச்சினையும் தனியாக இருக்கிறது. ஆக டிஸ்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது, ரேமை ஏற்றுவது, ஓஎஸ் வேறு ஆதரவு முடிந்த ஒன்று, சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, போஸ்ட்கிரெஸ் 12-க்கும் 2024 நவம்பரோடு முடிந்தது, அதையும் ஒரே கையாக மாற்றுவது என்று முடிவு. பிராசசரைத் தொடவில்லை.

சாஃப்ட்வேர் பக்கமே ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதையும் யோசித்தேன். சிங்க்ரனஸ் கமிட் என்பதை ஆஃப் செய்தால் போஸ்ட்கிரெஸ் டிஸ்குக்காகக் காத்திருக்காமல் பதில் சொல்லிவிடும். டேட்டாபேஸ் கெட்டுப்போகாது, ஆனால் சர்வர் திடீரென்று விழுந்தால் கடைசியாக கமிட் ஆன சில காணாமல் போகலாம். இயல்பான செட்டிங்கில் அப்படித் தொலையக்கூடிய நேரம் அதிகபட்சம் கடைசி 600 மில்லிசெகண்ட். வேறு தொழிலில் இதை ஏற்றுக்கொள்ளலாம். இங்கே பில் பிரிண்ட் ஆகி, சரக்கு வண்டியில் ஏறி, டேட்டாபேஸில் பில் இல்லையென்றால் பதில் சொல்லப்போவது யார்? விட்டுவிட்டேன். எஃப்சிங்க் என்ற பாராமீட்டரையே ஆஃப் செய்யச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், அது டேட்டாபேஸே சிதையும் வழி, அதைப்பற்றிப் பேசவே வேண்டாம்.

எஸ்எஸ்டி தேர்வில்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. கடையில் போய்க் கேட்டால் லேப்டாப்புக்குப் போடுகிற எஸ்எஸ்டியைக் காட்டி "இதுவே சூப்பர் ஸ்பீடு சார்" என்பார்கள். ஒரு வினாடிக்கு எத்தனை எம்பி என்ற எண் நமக்கு இங்கே பயன்படாது. சாட்டா என்ற சாதாரண இணைப்பில் வரும் எஸ்எஸ்டி எதுவானாலும் அதிகபட்சம் 550 எம்பி பக்கம்தான். நமக்கு வேண்டியது ஃபிளஷ் செய்யச் சொன்னால் எத்தனை சீக்கிரம் நேர்மையாகப் பதில் வருகிறது என்பது. சாதாரண எஸ்எஸ்டியும் வந்ததை முதலில் மெமரியில்தான் வைத்துக்கொள்கிறது; ஃபிளஷ் கட்டளை வந்தால் அதை நிஜமாகவே ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடிக்க வேண்டும், அதற்கு மில்லிசெகண்ட் கணக்கில் ஆகும். சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டியில் வரிசையாகக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் மெமரியில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் இருக்கும். அதனால் ஃபிளஷ் கேட்டவுடனே தைரியமாக "ஆச்சு" என்று சொல்லிவிடும், மைக்ரோசெகண்ட் கணக்கில். கண்ட்ரோலர் பேட்டரி செய்துகொண்டிருந்த வேலையை ஒவ்வொரு டிரைவும் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாஷீட்டில் பவர் லாஸ் புரொடெக்ஷன் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) போடலாமா என்ற கேள்வியும் வந்தது. இந்தத் தலைமுறை சர்வரில் அதற்கு பிசிஐ கார்டு வழியாகத்தான் போக வேண்டும், பூட் பண்ணவும் முடியாது, டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னும் வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று பழுதானால் சர்வரை நிறுத்தி, மூடியைத் திறந்து, கார்டைக் கழற்ற வேண்டும். முன்பக்க பே-யில் இருக்கும் சாட்டா டிரைவ் என்றால் நான் ஊரில் இல்லாவிட்டாலும் கடைப் பையனிடம் போனில் "மஞ்சள் லைட் எரியுற ட்ரேயை இழு, புதுசைத் தள்ளு" என்று சொல்லிவிடலாம். நூறு கமிட் பிரச்சினைக்கு இதன் வேகமே தாராளம். ஆக 960 ஜிபி டிரைவ் நான்கு, ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் ரெய்டு 10. எஸ்ஏஎஸ் கண்ட்ரோலரில் சாட்டா டிரைவ் தாராளமாக வேலை செய்யும், தலைகீழாகத்தான் ஓடாது.

ஆயுளுக்கும் கணக்குப் பார்த்தேன். வாங்கிய டிரைவின் வாரண்டி, ஐந்து வருடம் தினமும் முழு டிரைவையும் ஒருமுறை எழுதலாம் என்கிறது, அதாவது சுமார் 1,750 டிபி. ஐஓஸ்டாட்டில் இருந்த ஒரு நாள் எழுத்தை வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மூன்று மடங்கு எழுத்து தாங்கும் விலை உயர்ந்த மாடலுக்குப் போகத் தேவையில்லை.

ரேம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது, பழைய டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு இசிசி (பிழை திருத்தும் சர்வர் ரேம்), 16 ஜிபி எட்டு குச்சி. சர்வரில் இருந்த 8 ஜிபி குச்சிகளும் ரெஜிஸ்டர்டு வகைதான். லோடு-ரிடியூஸ்டு என்று இன்னொரு வகை வரும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டையும் கலந்தால் மெஷின் பூட் ஆகாது. லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு பிராசசருக்கும் நான்கு மெமரி சேனல். பெரிய குச்சியை ஒவ்வொரு சேனலின் முதல் ஸ்லாட்டிலும், பழைய சின்னதை இரண்டாவதிலும், இரண்டு பிராசசருக்கும் சமமாகப் போட்டால் 192 ஜிபி. மூன்றாவது ஸ்லாட்டையும் நிரப்பினால் மெமரியின் வேகம் இறங்கிவிடும், அதனால் காலியாகவே விட்டேன். போட்டதும் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு, காலையில் சர்வரின் ஈவென்ட் லாக்கில் இசிசி பிழை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். பழைய ரேம் வாங்கினால் இந்தச் சடங்கைத் தவிர்க்க வேண்டாம்.

மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனி ராத்திரி பில்லிங்கை மூடியதும் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்தேன், டைரக்டரி வடிவில், எட்டு வேலையாகப் பிரித்து, வேறு ஒரு மெஷினுக்கு. டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி அடித்துப் புது ஓஎஸ்ஸில் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28 பதிப்பில் எழுத்து வரிசைப்படுத்தும் விதி மாறிவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17. நான் போட்ட டெபியன் 12-ல் 2.36. டெக்ஸ்ட் நெடுவரிசையின் இண்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) பழைய வரிசையில் இருக்கும், புது ஓஎஸ் புது வரிசையில் தேடும். பிழை எதுவும் காட்டாது, இருக்கிற மருந்தை இல்லை என்று சொல்லும், ஒரே பெயரை இரண்டு முறை உள்ளே விடும். பிஜி அப்கிரேடு கருவியும் இண்டெக்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு போவதால் இதைத் தீர்க்காது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்தால் எல்லா இண்டெக்ஸும் புதிதாகக் கட்டப்படும், பிரச்சினையே இல்லை. பெரிய டேட்டாபேஸ் வைத்து டம்புக்கு நேரமில்லாதவர்கள், மாற்றிய கையோடு டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீஇண்டெக்ஸ் செய்தே ஆக வேண்டும்.

பழைய டிஸ்க் ஐந்தையும் ட்ரேயோடு உருவி, ஒவ்வொன்றிலும் பே நம்பர் எழுதி ஒட்டி, ஓரமாக வைத்தேன். திங்கள் காலையில் ஏதாவது ஏடாகூடமானால் திரும்பச் செருகி, கண்ட்ரோலர் மெனுவில் ஃபாரின் கான்ஃபிக் இம்போர்ட் கொடுத்தால் பழைய சர்வர் அப்படியே எழுந்து வரும். காலியாக இருக்கும் பே-க்களில் உள்ளது வெறும் பிளாஸ்டிக் மூடி, எஸ்எஸ்டிக்குத் தனி ட்ரே வாங்க வேண்டும். இது முன்கூட்டியே தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் எங்கே போய்த் தேடுவது?

கண்ட்ரோலரில் புது வால்யூமுக்கு ரைட்-த்ரூவையே வைத்தேன், ரீட்-அஹெட் (முன்கூட்டியே படித்துவைப்பது) ஆஃப். செத்த பேட்டரியை இனி நம்பத் தேவையில்லை. ஒன்று முக்கியம்: டிரைவின் சொந்த கேச்சை கண்ட்ரோலர் தானாக ஆஃப் செய்து வைத்திருக்கலாம். கெபாசிட்டர் உள்ள டிரைவில் அதை ஆன் செய்வதால் ஆபத்தில்லை, ஆஃபிலேயே விட்டால் எழுத்து வேகம் கணிசமாக அடிபடும். கெபாசிட்டர் இல்லாத டிரைவில் ஆன் செய்யாதீர்கள். பயாஸில் பவர் புரொஃபைலை மின் சிக்கனத்திலிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினேன். சின்னச் சின்ன வேலையாக வந்துபோகும் டேட்டாபேஸில் கோர் ஒவ்வொரு தடவையும் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதே ஒரு தாமதம்.

போஸ்ட்கிரெஸ் 16-ஐப் புதிதாக இனிட் செய்யும்போதே டேட்டா செக்சம் (டிஸ்கில் டேட்டா கெட்டால் கண்டுபிடிக்க உதவும் கணக்கு) ஆன். டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் 48 ஜிபி, அதாவது ரேமில் கால் பங்கு. இந்த அளவுக்குப் போனால் ஹியூஜ் பேஜ் (மெமரியைப் பெரிய துண்டுகளாகப் பிரிப்பது) போடாமல் விடக்கூடாது. ஏனென்றால் சாதாரண பேஜ் 4 கேபி. ஒவ்வொரு கனெக்ஷனும் தனி பிராசஸ், ஒவ்வொன்றும் இந்த 48 ஜிபியை முழுக்கத் தொட்டால் அதற்கான பேஜ் டேபிளே ஒரு கனெக்ஷனுக்கு 100 எம்பி பக்கம் வரும். நூறு கனெக்ஷன் என்றால் 10 ஜிபி வெறும் அட்டவணைக்கே போய்விடும். 2 எம்பி பேஜ் என்றால் இந்தச் செலவு ஏறக்குறைய காணாமல் போகும். எத்தனை பேஜ் ஒதுக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து அதுவே சொல்லிவிடும், ஒரு கமாண்ட் போதும். டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் என்பது வேறு சமாச்சாரம், அதை ஆஃப் செய்துவிட்டேன்.

ரேண்டம் பேஜ் காஸ்ட் என்ற எண் இயல்பாக 4. சுற்றும் டிஸ்குக்காக வைத்த எண் அது, டிஸ்கில் அங்கங்கே தாவிப் படிப்பது செலவு என்று, குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்குச் சொல்கிறது. எஸ்எஸ்டி போட்டுவிட்டு இதை அப்படியே விட்டால் இண்டெக்ஸ் இருந்தும் சில குவெரி முழு டேபிளையும் படிக்கும். 1.1 ஆக்கினேன். மேக்ஸ் வால் சைஸ் 1 ஜிபியிலிருந்து 16 ஜிபி, செக்பாயிண்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டேட்டா ஃபைலில் எழுதி முடிப்பது) இடைவெளி 5 நிமிடத்திலிருந்து 15. ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் பிறகு முதல்முறை தொடப்படும் 8 கேபி பேஜ் முழுசாக லாக்கில் எழுதப்படும், அதனால் செக்பாயிண்ட் அடிக்கடி வந்தால் லாக்கும் வீங்கும். போஸ்ட்கிரெஸ் தன் செய்திகளை எழுதும் பழைய லாக்கில் (இது வால் இல்லை) "செக்பாயிண்ட் ரொம்ப அடிக்கடி நடக்கிறது" என்ற எச்சரிக்கை வரிசையாக இருந்ததை அப்போதுதான் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். சார்ட் போன்ற வேலைக்கான மெமரி அளவான வொர்க் மெம்மை மட்டும் ஆசைப்பட்டு ஏற்றவில்லை. ஒரு குவெரியில் பல சார்ட் இருக்கலாம், ஒவ்வொன்றும் அந்த அளவைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். மொத்தத்துக்கு 32 எம்பி, ரிப்போர்ட் எடுக்கும் யூசருக்கு மட்டும் 256.

ரீஸ்டோர் முடிந்ததும் அனலைஸ் ஓட்டினேன். டம்போடு ஸ்டாடிஸ்டிக்ஸ் வராது, அது இல்லாமல் காலையில் கடையைத் திறந்தால் பிளானர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும், எல்லோரும் புது டிஸ்கைத் திட்டுவார்கள்.

எஃப்சிங்க் டெஸ்டை மறுபடி ஓட்டினால் நொடிக்கு நூறைத் தொடாதது ஆயிரக்கணக்கில் நின்றது. திங்கள் சாயங்காலம் நாற்பது ஐட்டம் பில், என்டர் தட்டிய கை எடுப்பதற்குள் சேவ் ஆனது. காத்திருப்பு டேபிளில் வால்சிங்க் என்ற பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ரேமின் வேலை மாதக் கடைசியில் தெரிந்தது: அடிக்கடி தொடும் டேபிள் எல்லாம் மெமரியிலேயே இருப்பதால் கணக்குப் பிரிவு ரிப்போர்ட் எடுக்கும்போது கவுண்டருக்கு அடி விழவில்லை. மொத்தச் செலவு அந்தப் புது சர்வர் கொட்டேஷனில் ஒரு சின்னத் துண்டுதான்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலாவதி நெருங்கும் ஸ்டாக் ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது, அது முன்பைவிட வேகம்தான், ஆனாலும் எரிச்சலூட்டும் அளவுக்கு நேரம் எடுக்கிறது. பார்த்தால் டிஸ்குக்கே போகவில்லை, ஒரே கோர் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குவெரி ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தேன், காலாவதி தேதியை டெக்ஸ்டாக மாற்றி ஒப்பிடுகிறது அந்த குவெரி, அதனால் தேதி மேல் இருக்கும் இண்டெக்ஸ் பயன்படவே இல்லை. இங்கே மட்டும் வேகமான பிராசசர் கொஞ்சம் உதவும், இதே சாக்கெட்டில் இ5-2667 வி2 உட்காரும், 3.3 கிகா ஹெர்ட்ஸ். ஆனால் அதன் மின்தேவை 95 வாட்டிலிருந்து 130 வாட்டாக ஏறும், ஹீட்சிங்க்கும் மாற்ற வேண்டியிருக்கும், கிடைப்பதோ கால் பங்கு வேகம். குவெரி எழுதும் அதே எக்ஸ்பிரஷன் மேல் ஒரு இண்டெக்ஸ் போட முடியுமா என்று பார்த்தால், தேதியை டெக்ஸ்டாக்கும் அந்த ஃபங்ஷன் செட்டிங்கைப் பொறுத்து மாறக்கூடியது என்பதால் போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது. சாஃப்ட்வேர் கொடுத்தவர்களுக்கு எக்ஸ்பிளெய்ன் முடிவோடு மெயில் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பதிலில் கொட்டேஷன் வராது என்று நம்புகிறேன்.